மூக்கைச் சுளிக்கக் கற்றவள்

முந்தின நாள் குழம்பைச் சுட வைப்பது ஜோதியின் வேலை. அது ஊசிப்போயிருக்கிறதா என்று முகர்ந்து சொல்வது பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவின் வேலை. காலையில் குழம்புச் சட்டியை மதில்மேல் வைப்பாள் ஜோதி. ஜஹீருன்னிசா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "நல்லாத்தான் கீது, எடுத்துட்டுப் போ" என்பாள். தோசை மாவு, மீன், தயிர் எல்லாமே அந்த மதிலில் பாஸாகித்தான் அடுப்படிக்கு வரும். இந்த வாரம் பரீட்சை வைக்க ஆளில்லை. தங்கை மகள் கல்யாணமென்று ஜஹீருன்னிசா வாணியம்பாடிக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோதி சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எதற்கு வம்பு என்று குழம்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு வேலூர் பஸ் ஏறினாள்.

அவளுக்கு மூக்கு போய்ச் சில வருஷமாகிறது. கொரோனா காய்ச்சலில் போனது, திரும்பி வரவில்லை. அதற்கு முன்பும் பாதிதான் இருந்ததோ என்னவோ. ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் கிடந்தவள், கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த நாளிலிருந்து ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்ஷன். பிரஷ்ஷால் தோலுக்குப் பசை தடவுகிற வேலை. புருஷன் வேலு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போனான். அதற்குப் பிறகும் அந்தப் பசைதான் மகள் பாரதியை பி.காம் வரை படிக்க வைத்தது. "இன்னா வேலைம்மா செய்றீங்க?" என்று கேட்ட டாக்டர் பதிலைக் கேட்டுவிட்டு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாக்கில் உப்பும் புளிப்பும் இனிப்பும் மிஞ்சின. மிளகாய் சுட்டது. மற்றதெல்லாம் வெறும் மெல்லுதல்.

யாருக்கும் தெரியாமல் நடந்துகொள்ளப் பழகியிருந்தாள். பஸ் தோல் பதனிடுகிற தோல்ஷாப் பக்கம் திரும்பும்போது எதிர் சீட்டுக்காரி முந்தானையை மூக்கில் வைத்தால் இவளும் வைப்பாள். யாராவது மல்லிகைப் பூவை நீட்டினால் கண்ணை மூடி இழுத்து, "ஆகா" என்பாள். ஊரெல்லாம் நாறுகிறது என்று அழுகிற ஊரில் நாற்றம் தெரியாமல் இருப்பது ஒரு குறையா என்று முதலில் நினைத்தாள். கட்டிக்கொடுத்த மகள் பாரதி உண்டானபோதுதான் பயம் வந்தது. தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். ஆக்கிப்போடுகிறவளுக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் யார் அனுப்புவார்கள்? பாரதியின் மாமியார் ஜெயம்மாள் அணைக்கட்டில் பசுமாடும் பாலுமாக இருக்கிறாள்; அங்கேயே வைத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு வளைகாப்புத் தேதி பேசத்தான் மகளும் மருமகனும் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கே சாப்பிடுவது என்பதை முடிவு செய்தது பாரதியின் மசக்கை. காட்பாடி ரோட்டில், மாடியில் ஒரு கடை. வேண்டிய காய், கறி, நூடுல்ஸை நாமே ஒரு கிண்ணத்தில் எடுத்து, சாஸையும் நாமே ஊற்றிக் கொடுத்தால், பெரிய இரும்புக் கல்லில் கண்ணெதிரே வதக்கித் தருவார்கள்.

"அத்த, நல்லா ரொப்புங்க. எவ்ளோ வெச்சாலும் ஒரே ரேட்டுதான்" என்றான் மருமகன் செல்வகுமார்.

"அதுக்குன்னு கோபுரம் கட்டாதம்மா" என்று நூடுல்ஸ் பக்கத்திலிருந்து பாரதி சிரித்தாள்.

காய் வைப்பதில் ஜோதிக்குச் சிரமமில்லை. கோஸ், கேரட், குடைமிளகாய், கொஞ்சம் கோழி. சாஸ் ஜாடிகளின் முன்னால்தான் கால் நின்றுவிட்டது. எல்லாம் கறுப்பும் காவியுமாக இருந்தன. பெயர்கள் இங்கிலீஷில், பொடி எழுத்தில்.

"எதுன்னு தெரியலன்னா மோந்து பாத்து ஊத்துங்க அத்த. ஒரு கரண்டி போதும்."

செல்வகுமார் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதி தண்ணீராகக் காவி நிறத்தில் இருந்த ஒன்றைக் கரண்டியில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மல்லிகைப் பூவுக்குச் செய்வது போலவே கண்ணை மூடி இழுத்தாள்.

"இது நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லி, சொன்னதற்கு ஏற்றபடி இரண்டு கரண்டி ஊற்றினாள்.

அது மீனை உப்பில் ஊறவைத்து இறக்குகிற சாஸ். கல்லில் விழுந்ததும் புகை எழுந்தது. வதக்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். கல்லூரிப் பையன் ஒருவன், "யார்து பவுலுபா இது? பேர்ணாம்பட்டு தோல்ஷாப்பையே வதக்குற மாதிரி கீது!" என்றான். வரிசையே சிரித்தது. ஜோதியும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்தாள். செல்வகுமார் பக்கம் சாய்ந்து, "யாரோ பாவம், தெரியாம ஊத்திட்டாங்க போல" என்றாள்.

வதக்குகிறவர் கல்லில் இருந்ததை வழித்துத் தட்டில் போட்டு அவளிடம் நீட்டினார்.

மேசையில் உட்கார்ந்ததும் ஜோதி தேதிப் பேச்சை எடுத்தாள். "ஆவணியில நல்ல நாள் கீது மாப்ள. முடிச்ச கையோட கூட்டிட்டு வந்துடறேன். ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சாச்சு, புது கொசுவல வாங்கி வெச்சிருக்கேன்." பேசிக்கொண்டே சாப்பிட்டாள். காலையிலிருந்து பட்டினி. உப்பு தூக்கலாக இருந்தது, அவ்வளவுதான். அம்மா தட்டிலிருந்து ஒரு வாய் எடுப்பது பாரதிக்குச் சின்ன வயதுப் பழக்கம். கை நீட்டி எடுத்து வாயில் வைத்தாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்கு ஓடினாள்.

செல்வகுமார் கோபப்படவில்லை. "அத்த, மோந்து பாத்துட்டுதான ஊத்துனீங்க?"

"ஆமா மாப்ள. கொஞ்சம் சளி."

பாரதி ஈர முகத்தோடு திரும்பி வந்தாள். அம்மாவின் தட்டு பாதி காலியாகியிருந்தது.

"உனக்கு நாத்தமே தெர்லியாம்மா?"

ஜோதி தட்டைப் பார்த்தாள்.

"எப்பலருந்து?"

"அந்தக் காய்ச்சல்லருந்து."

"அப்ப போன பொங்கலுக்கு இவருக்கு வயிறு கெட்டுப் போச்சே, அந்தக் கறிக்கொழம்பு?"

செல்வகுமார் மனைவியின் கையை லேசாகத் தொட்டான். அவன் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் ஜோதிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேஸ் லீக்கானா?"

"ரெகுலேட்டர மூடிட்டுதான் படுப்பேன்."

"கொழந்த துணியில போனா?"

"தொட்டுப் பாத்தா தெரியாதா? உன்ன வளத்தவடி நான்."

"ஜஹீரக்கா பக்கத்துலதான கீறாங்க, பாத்துக்கலாம்" என்றான் செல்வகுமார். பாரதி சற்று இறங்கினாள். "சரி. ரூம ஒருவாட்டி வந்து பாக்குறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மருமகனின் காரில் ஆம்பூர் வரைக்கும் ஜோதி பேசினாள். பூண்டு வாங்கி வைத்தது, பழைய சேலைகளை வெந்நீரில் அலசி மடித்து வைத்தது, ஜன்னலுக்கு வலை அடித்தது.

வீட்டுக்குள் அவளே முன்னால் நடந்தாள். உள்ரூம் கதவைத் திறந்து, "பாரு" என்றாள்.

நிலைப்படியிலேயே பாரதி நின்றுவிட்டாள். செல்வகுமார் ஒரு அடி பின்னால் போனான். இரண்டு பேர் கையும் மூக்குக்குப் போயின. அதைப் பார்த்ததும், யோசிக்காமலே, ஜோதியின் கையும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தது.

"நீ ஏம்மா மூடற?" என்றாள் பாரதி.

ஜோதி முந்தானையை விட்டாள்.

செல்வகுமார் போன் வெளிச்சத்தில் குனிந்து தேடினான். கட்டிலடியில், குழந்தைக்கென்று மடித்த சேலைகளுக்குப் பின்னால், எலி. செத்துப் பல நாளாகியிருந்தது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க ஜோதி அந்தக் கட்டிலில்தான் படுத்தாள். தினமும் பெருக்கினாள்.

அவள் பேப்பரால் எலியை எடுத்துக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தாள். தரையில் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். அடுக்கில் மேலே இருந்த சேலையை உதறி, முகத்தருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்திக் கீழே வைத்தாள்.

"இவ்ளோதான். இன்னொரு வாட்டி அலசிட்டா சரியாப் போச்சு" என்றாள். செல்வகுமார் காரைத் திருப்பப் போயிருந்தான். "வளகாப்ப எப்ப வெச்சுக்கலாம் பாரதி? ஆவணியிலயே வெச்சுக்கலாமா? பாரதி?"

பாரதி கொசுவலையைப் பார்த்தாள், சேலைகளைப் பார்த்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்ற கையால் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, ரூமை விட்டு வெளியே போனாள்.