சின்னப்பர் வழியில் அப்பா

கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் செவ்வந்திக்கு வரும் கிராக்கியைச் சொல்லி மாளாது. போன வாரம் போயிருந்தேன். மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய பூவுக்குப் பக்கத்திலேயே ஒருத்தி மெழுகுதிரிக் கட்டுகளைப் பரப்பியிருந்தாள். பூவும் மெழுகும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு அடுத்ததாகத் தோல் வாசனை வந்துவிடும். மார்க்கெட்டில் தோல் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். அது அப்பாவின் கை வாசனை.

அப்பா உபதேசியார். சாமியார் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைக்கும் சின்னக் கிராமங்களில், மற்ற நாளெல்லாம் செபம் சொல்ல, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்க, செத்தவர்களை அடக்கம் செய்ய அவர்தான். அவருக்கு எல்லாமே சின்னப்பர். இப்போது புனித பவுல் என்கிறார்கள். அப்போது அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் என்று வாய் நிறையச் சொல்வோம். சின்னப்பர் கூடாரம் தைத்துப் பிழைத்தார், சபையாரிடம் கை நீட்டவில்லை. அதனால் அப்பாவும் திண்டுக்கல் தோல்ஷாப்பிலிருந்து தோல் வாங்கி வந்து, கமலை மாடுகள் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும் பறிகளைத் தைத்துக் கொடுப்பார். சாப்பாட்டு நேரத்திலும் சின்னப்பர் பேச்சுதான். அவர் எங்களுக்கு ஏதோ சொந்தம், ஒருநாள் கொடைரோட்டில் ரயிலிறங்கி வருவார் என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அதைப் பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லி, வகுப்பே சிரித்தது.

ஓர் ஊரில் சபை எழும்பியதும் சின்னப்பர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். அப்பாவும் அப்படியே. கூரைக் கோயில் எழும்பி, ஜனங்கள் தாங்களாகவே செபமாலை சொல்லப் பழகியதும், சாமியாரிடம் போய் ஆளில்லாத ஊர் எது என்று கேட்டு வந்துவிடுவார். தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய மாட்டுவண்டியில் பின்னால் கால் தொங்கப்போட்டு உட்கார எனக்குக் கொள்ளை ஆசை. அம்மாவின் ஆசையை யார் கேட்டார்கள்?

தாடிக்கொம்புக்கு அப்பால் ஓர் ஊரில் இருந்தபோது என் தம்பி அருளப்பன் காய்ச்சலில் போய்விட்டான். நடக்கப் பழகி, கோழியைத் துரத்தப் பழகியிருந்த வயது. அப்பாவே மந்திரம் சொல்லி அடக்கம் செய்தார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை என்று ஊரே மெச்சியது. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாருக்கு நோவு என்றாலும் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சொந்த வீட்டுத் துக்கத்தை மட்டும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். அந்தக் கோடைக்குள் கோயில் வேலை முடிந்தது. கொடைரோட்டுப் பக்கம் ஓர் ஊரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"புள்ள மேல போட்ட மண்ணு இன்னும் எறங்கலைங்க. கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவோம்" என்றாள் அம்மா.

"சின்னப்பர் எங்கயாச்சும் தங்குனாரா? கோயில் எழும்புனதும் நடையக் கட்டிருவாரு."

"அவருக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாதுங்க."

அப்பா சுவரில் மாட்டியிருந்த சின்னப்பர் படத்தைக் கழற்றித் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் கல்லறைத் திருநாள் வந்தாலே வீட்டில் ஒரு புழுக்கம். அன்று சாயங்காலம் இருக்கிற ஊர்க் கல்லறையில் அப்பா செபம் நடத்த வேண்டும். அம்மா பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பஸ் மாறித் தம்பியிடம் எப்படிப் போவது?

"வேற நாளு போயிட்டு வா" என்பார் அப்பா.

"அன்னைக்கு அம்புட்டுப் புள்ளைகளுக்கும் வெளிச்சம் இருக்கும். எம்புள்ள மட்டும் இருட்டுல கெடக்கும். வேற நாளு போயி என்ன செய்ய?" என்பாள் அம்மா.

பிறகு, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன மேட்டைத் தேடிப்போய் ஒரு திரி ஏற்றுவாள். இங்கே யாரோ பெற்ற பிள்ளைக்கு இவள் ஏற்றினால், அங்கே யாரோ ஒருத்தி இவள் பிள்ளைக்கு ஏற்றுவாளாம்.

ஊர்கள் மாறின. நான் டீச்சர் டிரெயினிங் முடித்து திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கல்லறைத் திருநாளுக்கு அம்மாவைத் தம்பியிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"நானும் வாரேன்" என்றார் அப்பா.

எங்களால் நம்ப முடியவில்லை. அன்றைய செபத்தை ஊரில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வெளுத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அம்மா பூக்கூடையை மடியை விட்டு இறக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கல்லறைகள் பெருகி நெருங்கிப்போயிருந்தன. மரச்சிலுவைகளைக் கரையான் தின்றிருந்தது. சின்ன மேடுகள் எல்லாம் ஒரே மாதிரி. அப்பா செத்த நேரம் நின்று பார்த்தார். பிறகு நடுவில் ஒரு மேட்டைக் காட்டி, "இதுதான். என் கையாலதான வச்சேன்" என்றார். அம்மா மண்டியிட்டுப் பூவைப் பரப்பினாள், திரியை ஏற்றினாள், மண்ணைத் தடவித் தடவி அழுதாள். அப்பாவும் அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அம்மா என் காதோரம் குனிந்தாள்.

"அது அவன் எடமில்லத்தா. வேலியோரமா வச்சோம். அங்க யாருக்கோ சிமிட்டிக் கல்லறை கட்டிப்புட்டாக. உள்ள போனதுமே பாத்துட்டேன்."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா?"

"இம்புட்டு வருசங்கழிச்சு வந்து நிக்கிறாரு. நீயும் சொல்லிராத."

கமலை போய் மோட்டார் வந்தது. பறிக்கு வேலையில்லாமல் போயிற்று. கூரைக் கோயில்கள் இருந்த இடமெல்லாம் இப்போது மைக் செட் கட்டிய கான்கிரீட் கோயில்கள். அப்பா போட்டது என்று சொல்ல ஒரு கீற்றுகூட எந்த ஊரிலும் இல்லை. அம்மா முதலில் போய்ச் சேர்ந்தாள். படுக்கையில் விழுந்த பிறகு அப்பா கோயில்களைப் பற்றிப் பேசவில்லை, சின்னப்பரைப் பற்றியும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றுதான் கேட்பார்.

"ஒங்கம்மாவுக்கு அந்த எடத்தக் காட்டிக் குடுத்துட்டேன்ல தாயி?"

"காட்டிட்டீகப்பா" என்பேன்.