அண்ணியிடம் சொல்ல வேண்டியது

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. முன்னால் கடைக்காரர் வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவார். பின்னால் இவள் இயந்திரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, பிரேமில் பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதனால்தான் அவளுக்கு அது ஒத்துப்போனது. ஒரு பிரேம் உடைந்துவிட்டால்கூட நாளெல்லாம் மென்று முழுங்கிவிட்டு, கடை சாத்துகிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு சொல்லுகிற ஆள் அவள்.

அவளுடைய அண்ணி, அதாவது கணவனின் அக்கா, இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன். எதுவாக இருந்தாலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நேரம் தவறினால் யாராக இருந்தாலும் கரடியாய்க் கத்துவாள். இவளுக்கு அண்ணி வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கல்யாணமான புதிதில் எரிச்சலில் வைத்ததுதான். போகப் போக அதுவே செல்லப்பெயராகிவிட்டது.

கணவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். நெஞ்சு வலித்ததை வாயுப் பிடிப்பு என்று சொல்லியே நாட்களை ஓட்டினான். ஒருநாள் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தவளை அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் ஒரு கடற்கரைப் பறவைச் சரணாலயம் இருக்கிறது. எதற்கு இங்கே என்று இவள் கேட்டதற்கு, "எனக்கும் அழணும். வேன்ல அழ முடியுமா?" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து மாதக் கடைசி ஞாயிறு என்றால் நடைதான். மழை பெய்தாலும் விட்டதில்லை.

பாதை முள்புதர்களுக்குள் புகுந்து, மணல்மேடுகளில் ஏறி இறங்கிக் கடலோரத்துக்கு வரும். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒற்றையடிப் பாதை. அண்ணி முன்னால், இவள் பின்னால். நடக்கும்போது எதை வேண்டுமானாலும் பேசலாம், திட்டலாம், அழலாம்; முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. இது அண்ணி போட்ட சட்டம். ஊமைக்கோட்டானுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. முகத்துக்கு நேரே வராத பேச்செல்லாம் அண்ணியின் முதுகைப் பார்த்தால் வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதுவும் வரவில்லை.

சொல்ல வேண்டியது இதுதான். எதிர்க்கடையில் சாவி போடுகிறவர், மனைவியை இழந்தவர். ரொம்ப நாள் பழக்கம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். இவள் யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். வாழ்நாளில் எதற்கும் அவள் இத்தனை சீக்கிரம் பதில் சொன்னதில்லை. அண்ணியை நினைத்தபோதுதான் பயம் வந்தது. அண்ணி என்கிற உறவு கணவன் வழியாக வந்தது. இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் அந்த உறவுக்கு எங்கே போவது? அம்மா, அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஒரு காய்ச்சல் என்றால் வந்து கதவைத் தட்ட உலகத்தில் அண்ணி ஒருத்திதான். அவளும் பேசாமல் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சரணாலயத்தின் நுழைவாயிலில் காவலர் வழக்கம்போலக் கரும்பலகையைக் காட்டினார். பாதையின் கடைசியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைக்கு ஒரு மணல் திட்டு வழியாகத்தான் போக வேண்டும். கடல் ஏறினால் திட்டு முங்கிவிடும். பலகையில் எழுதியிருக்கிற நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

"எங்களுக்கே சொல்றீங்களா?" என்று சிரித்துவிட்டு நடந்தாள் அண்ணி.

புதர்க்காட்டில் வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அங்கே நின்று ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். மணல்மேட்டில் மறுபடி வந்தது. ஷூவுக்குள் கல் என்று சொல்லி உட்கார்ந்தாள். அப்புறம் தண்ணீர் குடித்தாள். நீர்ப்பறவைகளைப் பார்ப்பதுபோல நின்றாள். பறவைகள் பறந்துபோன பிறகும் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அண்ணியின் வாயிலிருந்து ஒரு ஹாரனை எதிர்பார்த்தாள். அண்ணியோ எதுவும் சொல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தாள். அதை இவள் கவனித்திருக்க வேண்டும். தன் கவலையிலேயே முங்கிக் கிடக்கிறவளுக்கு மற்றவள் முகம் எங்கே தெரியப்போகிறது?

முனையில் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தார்கள். கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவழியாக எழுந்து பாறையைச் சுற்றி வந்து பார்த்தால், திட்டைக் காணோம். வந்த வழியெல்லாம் தண்ணீர்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி காவலருக்குப் போன் போட்டாள்.

"இறங்கி நடந்துராதீங்க. மேல் பாறைக்கு அலை வராது, அங்கயே உக்காருங்க. சாயங்காலம் தண்ணி இறங்கினதும் வாங்க" என்றார் அவர். பிறகு சும்மா இருக்காமல், "எங்களுக்கே சொல்றீங்களான்னு கேட்டீங்களே" என்றும் சேர்த்துக்கொண்டார். அண்ணி பட்டென்று போனை வைத்தாள்.

மேல் பாறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என்னாலதான் அண்ணி. நின்னு நின்னு வந்தேன். நீங்களாவது விரட்டியிருக்கலாம்ல?"

"எப்படி விரட்டுறது? நாலு எட்டு வச்சா நிக்கிற. மூச்சு வாங்குறியோ என்னவோன்னு, நான் போட்ட சட்டத்தையே மீறித் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன்." அண்ணியின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "மறைக்காதடி. டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"உன் புருஷனும் இப்படித்தான். ஒண்ணுமில்லக்கா, வாயுன்னான். பேசாம வீட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்கே இழுத்துட்டுப் போயிருந்தா இருந்திருப்பான். நீயும் என்னை அப்படி ஏமாத்திராத. எதுவா இருந்தாலும் சொல்லு, பாத்துக்கலாம்."

அண்ணி தன் மூச்சை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பதை இவள் அப்போதுதான் கவனித்தாள். ஒரு மனுஷியைக் காலையிலிருந்து இப்படி வதைத்திருக்கிறோமே என்று நெஞ்சு பதறியது. இத்தனை நேரம் வராத பேச்சு, அந்தப் பதற்றத்தில், சுற்றி வளைக்காமல் வந்து விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். எதிர்க்கடையில சாவி போடுறவரை."

அண்ணி இவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அண்ணி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பாவி! பாதி உசுரு போச்சுடி எனக்கு! கல்யாணமாம், கல்யாணம்!" என்று இவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அண்ணி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். இவளும் அழுதாள். கல்யாணத்துக்குச் சரி சொன்னதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அழுகை வந்தது.

தண்ணீர் இறங்க நேரமானது. மணல் திட்டு முதலில் நடுவில் தெரிந்தது, பிறகு இரண்டு பக்கமும் நீண்டது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை மாட்டினாள்.

"அவரு நல்லவரா?"

"நல்லவர் அண்ணி."

"உன்னைப் பேச வைப்பாரா?"

"அவரும் அதிகம் பேச மாட்டாரு."

"நல்லா இருக்கும் வீடு" என்றாள் அண்ணி. பிறகு கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாத. உன் மேல கோவம் இல்ல. அவன் இருந்த இடத்துல இன்னொருத்தர் நிக்கிறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நல்லா இரு. ஆனா நான் வர மாட்டேன்."

"சரி அண்ணி." அது வலித்தது. வலிக்காது என்று அவள் நினைத்திருக்கவும் இல்லை. அதற்குமேல் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாது. "இனிமே என்கூட நடக்க வருவீங்களா?"

இறங்கத் தொடங்கியிருந்த அண்ணி பாதிப் பாறையில் நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் மிகப் பெரிய முட்டாள்தனமான எதையோ கேட்டுவிட்டதுபோல அண்ணியின் முகம் சிவந்தது.

"தம்பி போனப்புறம் எனக்குன்னு யாருடி இருக்கா? நீ வராம இருந்து பாரு, அந்தச் சாவிக்கடை வாசல்ல வந்து நின்னு கத்துறேன்!"