சந்தனம் வைத்த சர்வர்கள்

மருதையன் என்ற பெயரைக் கேட்டாலே ஆஷ்லினுக்கு வயிறு எரியும். மன்னார்குடியில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவை அவள் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்கேன் படங்களைச் சேமிக்க மூன்று சர்வர்கள் விற்றவர் அவர். மூன்றும் ஒரே கூட்டாக இயங்கும். ஒவ்வொரு படமும் மூன்றிலும் பதியும், ஒன்று படுத்தால் மற்றவை தாங்கும். மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது தகுதியான சரக்குதானா என்று பார்க்க வேண்டியது அவள் வேலை. மனிதர் வந்ததும் வராததுமாகச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காயும் உடைத்துவிட்டார். "பூஜை போட்டதத் திருப்பி அவுத்துப் போடாதம்மா, நல்லாருக்காது" என்றார். கிறிஸ்தவப் பெண் பூஜை போட்டதில் கை வைத்தால் யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் கைவிட, மூன்றும் ஒன்றாக அணைந்தன. சர்வருக்கான டிஸ்க் என்றால் திடீரென்று கரண்ட் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் அணையும். அவர் உள்ளே வைத்திருந்ததோ வீட்டுக் கணினிக்குப் போடும் மலிவுச் சரக்கு. மூன்று பிரதியும் ஒருசேரக் கெட்டன. திறந்து பார்த்த ஆஷ்லின், டிஸ்க்தான் மட்டம் என்று கத்தினாள். "பொண்ணுக்கு முறையா அணைக்கத் தெரியல" என்று மருதையன் கைகழுவினார். தலைமை மருத்துவர் நிலோஃபர் அவரை நம்பி, இவளை வீட்டுக்கு அனுப்பினார்.

இப்போது தஞ்சாவூரில் ஒரு பெரிய ஸ்கேன் மையத்தில் சர்வர்களைச் சோதித்து வாங்குவது ஆஷ்லின். விற்க வருவது மருதையன் என்று தெரிந்ததும் அவள் தடுக்கவில்லை. வரட்டும் என்று காத்திருந்தாள்.

மூன்று சர்வர்களோடும் சந்தனத் தட்டோடும் வந்தவர் அவளைப் பார்த்ததும் அசடு வழிந்தார். மேலாளர் துரைராசு, "எல்லாம் கேட்டபடிதானே?" என்றார்.

"மூணும் அச்சு அசல் ஒண்ணுதான் சார்."

துரைராசு தன் அறைக்குப் போனார். "தட்டக் கீழ வைங்க. மொதல்ல திறக்கணும்" என்றாள் ஆஷ்லின். முதல் பெட்டியில் சரியான சர்வர் டிஸ்க்தான். மற்ற இரண்டிலும் அதே பழைய மலிவு டிஸ்க். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாத்திக் குடுத்துர்றேம்மா. ரிப்போர்ட்ல எழுதிறாத. இந்த ஆர்டர் போச்சுன்னா ஊர்ல ஒரு பய என்னைக் கூப்பிட மாட்டான்."

"நிலோஃபர் டாக்டருக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. அன்னிக்குப் படமெல்லாம் யாரால போச்சுன்னு சொல்லுங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

அவர் சொன்னார். திக்கித் திணறி, முழுசாகச் சொன்னார்.  பிறகு, "ஆஷ்லின் அங்க இருக்காளா?" என்றது டாக்டரின் குரல்.

"இருக்கேன் டாக்டர்."

"நீ சொன்னத நான் காது குடுத்தே கேக்கலம்மா. என் தப்புதான்."

அழைப்பு முடிந்தது. மருதையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "போதுமாம்மா?" என்றார்.

"போதும்" என்றாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிஸ்குகளைப் படம் பிடித்து, சரக்கு தகுதியில்லை என்று எழுதி, துரைராசுவுக்கு அனுப்பினாள்.

"நான்தான் உண்மையச் சொல்லிட்டேனேம்மா!"

"நானும் அன்னிக்குச் சொன்னேன். யார் கேட்டீங்க?"

மூன்று பெட்டிகளும் திரும்ப வண்டியில் ஏறும்வரை வாசலிலேயே நின்றாள். ஆளைப் பார்த்தால் கொஞ்சமாவது பாவமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை.