எட்டுக் குமிழும் ஒரு டோலக்கும்

வீட்டிலேயே பாட்டைப் பதிந்து, கலந்து, மெருகேற்ற எந்த மென்பொருள் நல்லது என்று இப்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு மென்பொருள் தெரியாது. கமலா வீட்டில் மாட்டிக்கொண்டு முழித்த கதை தெரியும். அதைச் சொல்கிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த சமயம். மலாக்கா டவுனில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். காஜா பேராங்கில் இருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை கமலாவுக்கு வானொலியில் பாட ஆசை. பாட்டை டேப்பில் பதிந்து அனுப்ப வேண்டும். மறுநாள் தபாலில் சேர்க்காவிட்டால் வாய்ப்பு போய்விடும். கடையில் வாடகைக்கு இரண்டு டேப் ரெக்கார்டர் இருந்தன. ஒன்றில் இரண்டே குமிழ், இன்னொன்றில் எட்டு.

"சின்னது போதும்லா. ஒரு மைக்குக்கு எதுக்கு எட்டு?" என்றார் முதலாளி.

நான் கேட்டால்தானே? பெரியதைத்தான் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனேன்.

கமலா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் மைக்கை வைத்தேன். அதற்கு ஒரு முழத் தூரத்தில் கமலாவின் பெரியப்பா டோலக்கோடு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு மூத்தவர். அவருக்கு முன்னால் யார் உட்கார முடியும்? பாட வேண்டிய கமலா அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் உட்கார்ந்தார்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். டோலக் இடியாக விழுந்தது. கமலாவின் குரல் பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல் இருந்தது. எட்டுக் குமிழையும் திருகிப் பார்த்துவிட்டேன். ஒரே மைக்கில் போனதைக் குமிழ் எப்படிப் பிரிக்கும்? குரலைக் கூட்டினால் டோலக்கும் கூடவே கூடியது.

"பாகுஸ்லா தம்பி! அருமையான மெசின். எப்படி கணீர்னு விழுது பாரு!" என்றார் பெரியப்பா.

"அண்ணே, என் கொரலே கேக்கலயே. இத அனுப்பினா அவ்வளவுதான்" என்று கமலா என் காதோடு சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெரியவரைத் தள்ளி உட்காரச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கமலாதான் எழுந்து போய், வீட்டில் இருந்த நல்ல நாற்காலியைக் கூடத்தின் அந்தக் கோடியில், சமையலறை வாசலில் போட்டார். பக்கத்தில் வெற்றிலைத் தட்டும் வைத்தார்.

"பெரியப்பா, நீங்க போய் தரையில ஒக்காரலாமா? தலைமை நீங்க. நாற்காலிக்கு வாங்க."

பெரியப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. டோலக்கோடு எழுந்து போனார். கமலா மைக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தார். இந்த முறை நான் ஒரே ஒரு குமிழைத்தான் தொட்டேன். குரல் பளிச்சென்று விழுந்தது.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கமலா தேர்வாகிவிட்டார். பாட்டை அமுக்காமல் அடக்கமாக வாசித்த டோலக் கலைஞரையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா கடைக்கே வந்து கடிதத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா தம்பி? நான் எப்பவுமே அடக்கம்தான்."

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் பதிவுக்குப் போவதானாலும், மெசினைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: அந்த வீட்டுக்கு மூத்தவர் யார், அவர் என்ன வாசிப்பார்?