பாயா, பெஞ்சா?

வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலைகள் குறைவு. மாண்டிசோரி ஆசிரியை வேலை அவற்றில் ஒன்று. குழந்தை தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துச் செய்யும், ஆசிரியை அமைதியாகக் கவனித்தால் போதும் என்று மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். நாலு பேருக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்காகவே யாரோ கண்டுபிடித்த கல்வி என்று நினைத்தேன். குழந்தைகளுக்குப் பெற்றோர் என்று இருவர் இருப்பதை மட்டும் அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. மழலையர் வகுப்புகளில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

எங்கள் பள்ளிக்கூடம் சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற ரோட்டில் இருந்தது. தாளாளர் காலண்டர் அச்சடிப்பவர். பெங்களூருக்கு ஆர்டர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு மாண்டிசோரி வகுப்பைப் பார்த்து மயங்கி, ஊர் திரும்பியதும் ஓர் அறையில் பாய்களையும் மரச் சாமான்களையும் போட்டு, என்னையும் போட்டார். நிபந்தனை ஒன்றுதான். தீபாவளி சீசன் முடிந்ததும் பெற்றோரைக் கூட்டிக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் பாய்களைச் சுருட்டிவிட்டுப் பெஞ்சு போட்டு, சாதாரண எல்.கே.ஜி. ஆக்கிவிடுவார். நானும் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

யார் பெயில்?

பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த மாரியப்பன் தன் மகள் தனத்தைச் சேர்க்க வந்தார். புத்தகம் உண்டா? இல்லை. பரீட்சை? இல்லை. ரேங்க்? அதுவும் இல்லை. ஒவ்வோர் இல்லைக்கும் அவர் முகம் நமத்துக்கொண்டே போனது.

மூன்று வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பதைப் பார்த்தார். பெரியதைப் பார்த்துச் சின்னது கற்றுக்கொள்ளும் என்று, எனக்கு அந்த மாதத்துக்கு இருந்த மொத்தக் குரலையும் செலவழித்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னல் ஓரம் இருந்த ஐந்து வயதுக்காரனைப் பரிதாபமாகப் பார்த்து, "பாவம் டீச்சர், அந்தப் பய எத்தனை வருசமா பெயிலாகி இங்கன உக்காந்திருக்கான்?" என்றார்.

பாதுகாப்பு விதிகள்

அதே மாரியப்பன் அடுத்த வாரம் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். ஒரு பாய்க்கு ஒரு பிள்ளை. பாய்க்கும் பாய்க்கும் நடுவே நடக்க இடம். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்தது. யாரும் ஓடவில்லை, யாரும் எதையும் தட்டிவிடவில்லை.

முதல் முறையாக அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. கல்வியின் தத்துவம் ஒரு தகப்பனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குக் கண்ணே கலங்கியது. அவர் சொன்னார்: "எங்க கம்பெனியில இன்ஸ்பெக்டர் வார அன்னைக்கு மட்டுந்தான் டீச்சர் இம்புட்டு ஒழுங்கா இருக்கும்!"

சத்தம் வராத சரக்கு

ஒரு நாள் பிள்ளைகள் கண்ணை மூடி, தூரத்துச் சத்தங்களைக் கேட்கும் பயிற்சியில் இருந்தார்கள். அச்சாபீஸ் மிஷின் ஓடுவதும், எங்கோ வெடியைப் போட்டுச் சோதிப்பதும் கேட்டன. தாளாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேனோ என்று பயந்துவிட்டாராம்.

பக்கத்துப் பள்ளியில் 'ஏ பார் ஆப்பிள்' கோரஸ் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிறது, அதைக் கேட்டே அட்மிஷன் நடக்கிறது என்று வருத்தப்பட்டார். அமைதியும் ஒரு பாடம்தான் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "சத்தம் வராத சரக்கைச் சிவகாசியில எவம்மா வாங்குவான்?"

விருந்தாளி பரீட்சை

ஜவுளிக்கடை காதர் பாயின் மகன் ஆசிப் என் வகுப்பின் பெருமை. ஊரில் பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம் இருக்கலாம். விருந்தாளி வராத வீடு இல்லை. வந்தவர்கள் முன்னால் பிள்ளை நின்று கைகளை ஆட்டி இங்கிலீஷ் பாட்டுப் பாடினால்தான் பாஸ்.

காதர் பாய் வீட்டுக்கு மைத்துனர் குடும்பம் வந்தபோது, ஆசிப்பைப் பாடச் சொன்னார்கள். அவன் உள்ளே போய், தட்டில் நாலு தம்ளர் தண்ணீரை, வகுப்பில் பழகியபடி ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தான். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலையில் காதர் பாய் வாசலில் நின்றார். "டீச்சர், 'பிள்ளைய ஸ்கூல்ல சேத்திருக்கீகளா, ஓட்டல்ல சேத்திருக்கீகளா'ன்னு மச்சான் கேக்குறாக!"

குச்சி

தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டிருந்தபோது அந்தக் கூட்டம் வந்தது. முதலில் வகுப்பைப் பார்ப்பது, பிறகு கை தூக்குவது என்று ஏற்பாடு. மாரியப்பனின் மனைவி ஜோதி அன்றுதான் முதல் முறையாக வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை. சீசனில் அவருக்கு ஏது நேரம்?

தனம் பாயில் உட்கார்ந்து, தடுப்புப் போட்ட பெட்டிக்குள் மரக்குச்சிகளை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்கள் கற்பதற்கான சாமான் அது. ஜோதியின் முகம் மாறியது. சத்தமில்லாமல் என் பக்கம் வந்தார். கிண்டல் செய்ய எனக்கு வழி வைக்காமல் சொன்னார்: "நானும் சின்னப்பிள்ளையில இப்படித்தான் டீச்சர் தரையில உக்காந்து தீக்குச்சி அடுக்குனேன். எம்மக அடுக்கக் கூடாதுன்னுதான் இங்கன அனுப்புனேன்."

கை தூக்கல்

அதற்குள் தனம் ஐந்தாவது தடுப்போடு நிறுத்திவிட்டாள். குச்சிகளை எடுத்துவைத்து, பெட்டியை அலமாரியில் சேர்த்து, பாயைச் சுருட்டிவிட்டு, ஜன்னலில் அணில் பார்க்கப் போய்விட்டாள். நான் அதட்டப்போகிறேன் என்று ஜோதி என் வாயையே பார்த்தார். அது வழக்கம்போல மூடியே இருந்தது.

"பாதியில எந்திரிச்சுட்டாளே, ஒண்ணும் சொல்ல மாட்டீகளா?"

"மாட்டேன். அவளுக்குப் போதும்னா போதும்."

"அடிக்க மாட்டீக?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். ஜோதி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளர், "பெஞ்சு வேணுங்கிறவுக கை தூக்குங்க" என்றார். முதல் கை மாரியப்பனுடையது. காதர் பாயும் தூக்கினார். பாதி அறை தூக்கிவிட்டது. "நீ என்னம்மா சொல்ற?" என்று தாளாளர் என்னைக் கேட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வேலை போய்க்கொண்டிருந்ததை நான் மிக அமைதியாகக் கவனித்தேன்.

"கைய இறக்குங்க" என்றார் ஜோதி, புருசனைப் பார்த்து. "நான் குச்சி அடுக்கையில ஒரு நாளு எந்திரிச்சு வேடிக்கை பாத்திருப்பேனா? முதுகு பழுத்திருக்கும். இவ நினைச்சா உக்காருதா, நினைச்சா எந்திரிக்கிறா. பெஞ்சுல போட்டு அடைச்சா எந்திரிக்க விடுவாகளா?"

மாரியப்பனின் கை இறங்கியது. அதைப் பார்த்துச் சில கைகள் இறங்கின. காதர் பாய் மட்டும் காதைச் சொறிவதுபோல் பாதியில் நிறுத்திவைத்திருந்தார். எண்ணிக்கையில் பாய்தான் ஜெயித்தது. மாரியப்பன் விடவில்லை. "படிக்கிற பிள்ளை தரையில உக்காந்தா பாக்குறவன் என்ன சொல்லுவான்? நானே ஒரு பெஞ்சு வாங்கித் தாரேன்."

ஜோதி சொன்னார்: "வாங்குறதா இருந்தா வீட்டுக்கு வாங்குங்க. அம்புட்டு வருசம் தரையில உக்காந்தவ நான், நான் உக்காருதேன்."

பிள்ளைகளுக்கு மாண்டிசோரி ஒத்துவருமா என்று இன்றும் கேட்கிறார்கள்: பிள்ளைகளுக்கு ஒரு வாரத்திலேயே ஒத்துவந்துவிடுகிறது, பெற்றோருக்கு எந்தக் கல்வி ஒத்துவரும் என்பதைத்தான் இன்னும் எவரும் கண்டுபிடித்தபாடில்லை.