கோர்ட் கலையும் வரை

கேள்வியை நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டார். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, ஒட்டச் சீவிய தலை, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி வந்திருந்தார். கூண்டுக்கு எதிரே பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். அவர் ஏழாவது ஆள். குற்றச்சாட்டு என்னவென்று படித்துக்காட்டி, அது புரிந்ததா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும் என்கிறது சட்டம். முதல் இரண்டு பேருக்கு முழுதாகப் படித்தேன். மூன்றாமவருக்குச் சுருக்கினேன். ஏழாமவரிடம் வந்தபோது, "நீங்களும் அப்படித்தானே?" என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்குச் சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது.

வடசென்னையில் நான் மாஜிஸ்திரேட்டாக இருந்த காலம் அது. எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில், கழிமுகத்தில் ஆலைச் சாம்பல் கலக்கிறது என்று சாலையை மறித்திருக்கிறார்கள். அதிகாரிகளைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு. வாய்தா வாய்தாவாக இழுத்தடித்த பிறகு, எல்லோரும் ஒப்புக்கொண்டு முடித்துவிடுகிறோம் என்று அவர்களுடைய வக்கீல் எழுந்து சொன்னார். ஒவ்வொரு வாய்தாவும் அவர்களுக்கு ஒருநாள் தொழில் நட்டம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இரக்கப்பட்டு, இருப்பதிலேயே சிறிய தண்டனையாகக் கொடுத்தேன்: கோர்ட் கலையும்வரை காவல். சாயங்காலம் நீதிபதி இருக்கையை விட்டு எழும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுந்ததும் அவர்களும் எழுந்து போனார்கள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சில மாதம் கழித்து ஒரு காலை, வழக்குகளைக் கூப்பிடத் தொடங்கும் முன் ஒரு பெண் முன்னால் வந்து நின்றார். அந்த ஏழாமவரின் மனைவி. கழிமுகத்தில் மீன் அற்றுப்போனதால் கணவர் துறைமுகத்துக்குள் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்றும், உள்ளே போக வருடாவருடம் பாஸ் புதுப்பிக்க வேண்டும் என்றும், போலீஸ் விசாரணையில் என் தீர்ப்பு தெரியவந்ததால் இந்த வருடம் பாஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மறியல் நடந்த அதே நாளில், காலை முதல் மாலைவரை கணவர் துறைமுகத்துக்குள் இருந்ததற்கான கேட் சீட்டு. நேரமும் முத்திரையும் தெளிவாக இருந்தன.

அப்படியானால் ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்டேன்.

"முறைம்மா. போலீசு கேசுக்குப் பத்துப் பேரு கேட்டுச்சு. இந்த வாட்டி எங்க வூட்டு முறை வந்துச்சு. கோர்ட்டு கலையற வரிக்கும் குந்திகினு இருந்தா போதும், வேற ஒண்ணும் ஆவாதுன்னாங்கோ" என்றார்.

கழிமுகத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று அவர்கள் காலங்காலமாக முறை வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பம் எல்லா மீனையும் அள்ளிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதே கணக்கில் வழக்குக்கும் முறை. ஒரே வீடு எல்லாக் கேசையும் சுமக்கக் கூடாதாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்போம். அந்தக் குப்பத்தில் தண்ணீர் குடிப்பதற்கு முறை வைத்திருந்தார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது என்றே சொல்வேன், என் நீதிமன்றத்தில் அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. நீதிமன்றம் எழுதியது அழியாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. கடலில் ஒரு நாள் மீன்பாடு போனால் மறுநாள் வரும். தண்டனை அப்படி இல்லை. பிற்பகலோடு முடிந்துபோகிற ஒன்றாக அதை நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சட்டம் படித்திருந்தும்.

கையெழுத்துப் போட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதியே மாற்ற முடியாது. எழுத்துப்பிழை வேண்டுமானால் திருத்தலாம். ஒரு மனிதன் அங்கே இருந்தானா இல்லையா என்பது எழுத்துப்பிழை ஆகாது. மேல்நீதிமன்றத்துக்குப் போகலாம், இலவச சட்ட உதவி கிடைக்கும், இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

"அப்போ அன்னிக்கு யாரு இருந்தாங்கோன்னு கேப்பாங்க இல்ல?"

கேட்கலாம் என்றேன். அவர் சீட்டைப் பழையபடி முடிந்துகொண்டு போய்விட்டார். மேலே எந்த மனுவும் போகவில்லை என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஊரைக் காட்டிக்கொடுத்து வேலையை மீட்பதா, வேலையை விட்டு ஊரோடு இருப்பதா என்று அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. ஒரு நிமிடம் செலவழித்து அந்தக் குற்றச்சாட்டை ஏழாவது முறையும் முழுதாகப் படித்து, "அந்த நாளில் நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால், ஒருவேளை அவர் தயங்கியிருப்பார். சுதந்திரத்தைப் பற்றி எத்தனையோ தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன், மேடைகளில் பேசியும் இருக்கிறேன். ஒரு மனிதனுடைய சுதந்திரம் என் கையில் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதை நான் மிச்சம் பிடித்தேன்.

ஓய்வு பெற்று ராயபுரத்தில்தான் இருக்கிறேன். போன வருடம் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது, மீன் வெட்டித் தருகிறவர்களின் வரிசையில் அந்த ஏழாமவர் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவர்தான் எழுந்து கும்பிட்டார். துறைமுக வேலை போனது போனதுதான், பாஸ் திரும்பக் கிடைக்கவே இல்லை என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. என் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே, "அன்னிக்கு எங்களுக்கோசரம் மூணு மணிக்கே எந்திரிச்சிட்டீங்கோ. எங்க குப்பத்துல இன்னும் அத்த சொல்லிகினு கீறாங்கம்மா" என்றார்.

அன்று எனக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் மூன்றரைக்கு நேரம் வாங்கியிருந்தேன். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதே எழும்போது என் நினைவில் இல்லை. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.