சிக்னல் தேடிக் கோட்டை ஏறியவர்

படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. முதலில் டேனிஷ் மொழியில் ஓர் இயந்திரப் பெண்குரல். பிறகு ஷெல் விழும் இரைச்சல். அதன் நடுவே ஓர் ஆண்: "அண்ணை... எடுங்கோ அண்ணை..."

குசினியில் நின்ற எப்சிபாவின் கையிலிருந்து அகப்பை நழுவியது. அது கணவரின் தம்பி நவரத்தினத்தின் குரல்! வன்னியில் போர் முடிந்து பத்து நாளாகியும் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நவரத்தினம்!

டேனிஷ் நகரமான விபோர்க்கில் எப்சிபாவின் கணவர் செல்லத்துரையைத் தெரியாத தமிழர் இல்லை. ஒரே தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம். அதற்கு வேலைத்தலத்தார் தந்த பரிசு, தோழன் நிக்கலஸுடன் இமயமலைப் பயணம். மே ஒன்பதாம் திகதி புறப்பட்டார். எப்சிபா காலில் விழாத குறையாகத் தடுத்தாள்.

"நவத்துக்குப் பாடமா இருக்கிறது என்ர நம்பர் ஒண்டுதான். அது என்ர பொக்கற்றுக்குள்ள இருக்கேக்க நான் எங்க நிண்டா என்ன?" என்றார் செல்லத்துரை.

அந்த மாதங்களில் நம்மவர் யாரும் போனை அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். செல்லத்துரையும் கொண்டுபோனார்.

இமயமலையின் லே நகரில் போன் செத்துக் கிடந்தது. வெளிநாட்டு இணைப்பு இங்கே எடுபடாது என்றான் விடுதிக்காரன். அவர் நம்பவில்லை. உயரத்தில் எடுக்கும் என்று நினைத்தார். நகருக்கு மேலே பழைய அரண்மனை, அதற்கும் மேலே இடிந்த கோட்டை, அதன் அருகே மடாலயம். காற்றே இல்லாத அந்த உயரத்துக்கு நெஞ்சைப் பிடித்தபடி தினமும் ஏறினார். கோட்டைச் சுவரில் நின்று போனை வானத்துக்கு நீட்டினார். சிக்னல் ஒரு கோடுகூட விழவில்லை. நீட்டிய கையோடு அழுத அவருக்கு ஒரு முதிய பிக்கு வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். பிக்குவின் காவி கலந்த சிவப்பு அங்கியைக் கண்டதும், ஊரில் போரை ஆசீர்வதித்த பிக்குகள் நினைவுக்கு வந்து செல்லத்துரைக்கு உடல் கூசியது. ஆனாலும் குடித்தார். உப்புக் கரித்தது. அன்று மாலை விடுதித் தொலைபேசியில் மனைவியிடம், "போன் நல்லா வேலை செய்யுது" என்றார்.

கோபன்ஹேகனில் இறங்கியதும் போன் உயிர்த்தது. ஏழு தவறிய அழைப்புகள். ஒரு குரற்பதிவு. அதை மூன்று நாட்களாக ஒளித்து வைத்திருந்தார்.

எப்சிபா அறைக்கதவைத் தள்ளித் திறந்தபோது வாசல் மணியும் அடித்தது. கோல்டிங்கிலிருந்து ரயிலேறி வந்த செல்லத்துரையின் தங்கை தவமலர், செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தோடு நின்றாள்.

"அண்ணையின்ர கையெழுத்து வேணும், மச்சாள். சின்னண்ணையும் அவரின்ர பிள்ளை கிருபாஷினியும் காணேல்ல எண்டு எழுதியிருக்கிறன்."

"இஞ்சருங்கோ, நீங்களே சொல்லுங்கோ!" என்று எப்சிபா கணவரைப் பார்த்துக் கதறினாள்.

செல்லத்துரை போனை மேசையில் வைத்தார். பதிவை ஓடவிட்டார்.

"...பிள்ளையைப் பக்கத்து பங்கர் கிறிஸ்ரினா அக்காவோட அனுப்பிப்போட்டன். தன்ர பிள்ளை எண்டுதான் முகாமில பதிவு செய்வா. என்ர பேரில தேடாதேங்கோ அண்ணை. கிறிஸ்ரினா பேதுரு எண்டு தேடுங்கோ..."

தவமலர் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "எத்தினை நாளா இது உங்களிட்ட?"

"மூண்டு."

"மூண்டு நாளா நான் பிழையான பேரைச் சொல்லி முகாம் முகாமா விசாரிக்கிறன்!"

"சொன்னா... அவன் கூப்பிடேக்க நான் மலையில நிண்டனான் எண்டு சொல்லவேணுமே, பிள்ளை."

"அதுதான் ஊருக்கே தெரியுமே! நிக்கலஸ் இன்ரநெற்றில போட்ட படத்தை என்ர மகள் காட்டினவள். சபையில நாங்கள் உபவாசச் செபம், எங்கட அண்ணை புத்தருக்கு முன்னால கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார்!"

"கையில போன் இருந்தது, பிள்ளை."

தவமலர் அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து, படிவத்தில் கிருபாஷினிக்கு நேரே இருந்த நவரத்தினத்தின் பெயரை வெட்டி, கிறிஸ்ரினாவின் பெயரை எழுதினாள். மைபட்ட இடத்தில் கண்ணீர் விழுந்து பரவியது. துடைத்துவிட்டு மறுபடி எழுதி நீட்டினாள். செல்லத்துரை கையெழுத்திட்டார்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள் எப்சிபா.

"நாலு மணி ரயிலைப் பிடிக்கவேணும், மச்சாள். படிவத்தை இண்டைக்கே குடுக்கவேணும்."

செல்லத்துரை மேலங்கியை எடுத்தார். "நானும் வாறன்."

"வேண்டாம் அண்ணை. சின்னண்ணை திரும்ப எடுத்தா? நீங்கள் வீட்டில இருங்கோ."

அவள் படி இறங்கும் சத்தம் ஓயும்வரை அவர் மேலங்கியோடு நின்றார். எப்சிபா கதவைச் சாத்தினாள்.